இஸட்390, எம்.வி.எஸ் 3.8: அசெம்பிளரை எதில் தொடங்குவது?

நெல்லியடியில் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் பிள்ளைக்கு எப்சிடிக் என்ற பெயர் புதிதல்ல. ஆஸ்கி, யூனிகோட் ஆகியவற்றோடு அதையும் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார். அந்தக் குறிமுறை இன்றும் புழங்கும் இடம் ஐ.பி.எம் மெயின்பிரேம். ரியூசனில் செய்து பழகிய துவிதம், பதினறுமம், இரண்டின் நிரப்பி ஆகிய கணக்குகள்தான் அந்த இயந்திரத்தின் அசெம்பிளர் மொழிக்கு அத்திவாரம். அத்திவாரம் இருக்கிறது, இயந்திரம்தான் இல்லை.

அந்தக் குறையை மடிக்கணினியிலேயே தீர்க்க இரண்டு இலவச வழிகள் உண்டு. ஒன்று, டான் ஹிக்கின்ஸ் உருவாக்கிய இஸட்390. இது ஜாவாவில் இயங்கும் அசெம்பிளரும் போலிப் பொறியும் சேர்ந்தது. மற்றது, ரோஜர் பௌலர் தொடங்கி 1999இல் வெளிவந்த ஹெர்குலிஸ். இது மெயின்பிரேமின் வன்பொருளையே போலச் செய்யும். அதன்மேல் 1981ஆம் ஆண்டின் எம்.வி.எஸ் 3.8 இயக்க முறைமையை ஏற்றலாம். இன்றைய மெயின்பிரேம் இயக்க முறைமையான இஸட்/ஓ.எஸ்.ஸுக்கு உரிமம் வேண்டும். இந்தப் பழைய பதிப்புக்கு வேண்டாம். இரண்டையும் ஒருமுறை தரவிறக்கிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை.

தொடக்க நாளிலேயே வேறுபாடு தெரியும். இஸட்390இல் நிரலை ஒரு கோப்பில் எழுதி, ஒரே கட்டளையில் மொழிபெயர்த்து, இணைத்து, ஓட்டலாம். எம்.வி.எஸ்.ஸில் அதே நிரலைச் சுற்றி ஜே.சி.எல் என்ற வேலைக் கட்டுப்பாட்டு மொழியின் வரிகளை எழுத வேண்டும்: வேலையின் பெயர், எந்தச் செயல்முறை, உள்ளீடு எங்கே, வெளியீடு எங்கே. ஒரு காற்புள்ளி பிசகினாலும் வேலை நின்றுவிடும். அப்போது பிழை நிரலிலா, ஜே.சி.எல்.லிலா என்று புதியவருக்குப் பிடிபடாது. இஸட்390இல் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு.

இரண்டிலும் எழுதிப் பார்க்கத்தக்க மிகச் சிறிய நிரல் ஒன்று உண்டு: பி.ஆர் 14. அழைத்தவரிடம் திரும்பு என்பதே அதன் பொருள். நீளம் 2 பைட். எம்.வி.எஸ்.ஸின் புகழ்பெற்ற, ஒன்றும் செய்யாத நிரலான ஐ.இ.எஃப்.பி.ஆர்.14 தொடக்கத்தில் இந்த ஒற்றைக் கட்டளைதான். 15ஆம் பதிவகத்தில் கிடந்த எண் அப்படியே திரும்பல் குறியீடாகப் போனதால், அதைச் சுழியமாக்க எஸ்.ஆர் 15,15 பின்னர் சேர்க்கப்பட்டது. இஸட்390இல் இதைக் கட்டளை கட்டளையாக ஓட்டி, 16 பதிவகங்களின் நிலையையும் பார்க்கலாம். அந்தக் குறியீடு யாருக்கு, எதற்கு என்பது எம்.வி.எஸ்.ஸில்தான் புரியும்: அடுத்த படி ஓடுவதா, தவிர்ப்பதா என்பதை ஜே.சி.எல் அதைப் பார்த்தே முடிவுசெய்கிறது.

பிழையிலும் இதே கதைதான். 125 என்பது எப்சிடிக்கில் எஃப்1 எஃப்2 எஃப்5. பேக் கட்டளை அதை 12 5எஃப் ஆக்கும். எண்ணுக்குப் பதில் மூன்று வெற்றிடங்களைக் கொடுத்தால் 00 04 வரும். கடைசியில் குறியிருக்க வேண்டிய இடத்தில் 4 நிற்பதால், அதைக் கூட்டப் போனால் எஸ்0சி7 என்ற தரவுப் பிழையோடு நிரல் விழுந்துவிடும். இஸட்390இன் தடப்பதிவு விழுந்த கட்டளையைக் காட்டிக்கொடுக்கும். எம்.வி.எஸ் பதினறும நினைவகப் பக்கங்களைக் கொட்டும். முகவரியைக் கழித்துப் பார்த்து, விழுந்த இடத்தை நாமே தேட வேண்டும். மெயின்பிரேம் பராமரிப்பு வேலைக்குப் போகிறவருக்கு இந்தத் தேடல் தெரிந்திருக்க வேண்டும்.

காலத்தில் இவை எதிரெதிர். இஸட்390 இன்றைய 64 பிட் கட்டளைகளை அறியும். ஆனால் அதற்குள் இயக்க முறைமை கிடையாது. எம்.வி.எஸ் 3.8 முழு இயக்க முறைமை. ஆனால் 24 பிட் முகவரியோடு, 16 மெகாபைட் எல்லைக்குள் நிற்பது. இருந்தாலும் பழையதைக் கற்பது வீணாகாது: 1964இல் அறிமுகமான சிஸ்டம்/360இன் பொதுக் கட்டளைகள் இன்றைய இயந்திரத்திலும் ஓடுகின்றன.

ஆகவே முதலில் இஸட்390, பிறகு எம்.வி.எஸ் என்பதே என் பரிந்துரை. தாண்டும் நேரத்தை நாட்கணக்கால் அளக்க வேண்டாம். எண்களை வாசித்து, பேக் செய்து, கூட்டி, அச்சிடும் நிரலைத் தனியே எழுதவும், வந்த எஸ்0சி7க்குக் காரணம் சொல்லவும் முடிந்தால் தாண்டலாம். அப்போது புதிதாக எழுதாமல், அதே நிரலை எம்.வி.எஸ்.ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். இஸட்390இன் சப்என்ட்ரி மேக்ரோ மறைத்துவைத்த, பதிவகங்களைச் சேமிக்கும் எஸ்.டி.எம் 14,12,12(13) என்ற வரியைக் கையால் எழுத நேரும். 72 பைட் சேமிப்பிடத்தைத் தானே ஒதுக்க நேரும். புதுக்கட்டளைகளைக் களைய நேரும். அழைத்தவரின் பதிவகங்களைப் பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுக்கும் இந்த ஒழுங்கு வசப்பட்டவர் புதியவர் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டார்.