காஷும் காசும்

சென்ற மாதம் பெர்த்திலிருந்து மகள் வயிற்றுப் பேரன் பேசினான். "தாத்தா, ஃபிரண்ட்ஸ் நாலு பேரா மலை மேல கேஷ் தேடப் போறோம்." ஏதோ பண விவகாரம் என்று பயந்துவிட்டேன். எழுத்துக்கூட்டிச் சொன்ன பிறகுதான் விளங்கியது. நம் பிரெஞ்சு வாத்தியார் சொல்லிக்கொடுத்த 'காஷே', அதாவது ஒளித்து வைத்தல்! "அது கேஷ் இல்லடா, காஷ்" என்று திருத்தினேன். பிரெஞ்சுக்காரர் இங்கே அடித்த செப்புக்காசுக்கும் 'காஷ்' என்றே பெயர். அது நம் 'காசு' அவர்கள் வாயில் திரிந்தது, இரண்டுக்கும் உறவில்லை.

விளையாட்டு இதுதான். செயற்கைக்கோள் காட்டும் இடக்குறிப்பை மற்றவர்கள் படித்தறிந்து வருவார்கள் என்று யாரோ ஒரு டப்பாவை ஒளித்து வைக்கிறார். உள்ளே ஒரு நோட்டும் சில சிறு பொருள்களும் இருக்கும். கண்டுபிடித்தவர் நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பொருள் எடுத்தால் பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும். பொதுமக்களுக்குக் குறைத்துத் தந்துவந்த துல்லியத்தை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் முழுதாகத் திறந்துவிட்டது. மே 3 அன்றே ஆரிகன் மாநிலக் காட்டில் ஒருவர் முதல் வாளியைப் புதைத்துவிட்டார்.

இவர்கள் போவது ஸ்டிர்லிங் மலைத்தொடரில் பாதையே இல்லாத ஒரு முகடு. வீடியோவில் கூடம் முழுக்கச் சாமான். முகட்டின் மேல் தண்ணீர் கிடைக்காதாம்; மூன்று நாளுக்கு ஆளுக்குப் பத்து லிட்டர், அதாவது பத்துக் கிலோ, முதுகில் ஏறும். முள்புதரில் கால் கிழியாமல் இருக்கக் கெட்டித் துணி உறை. கருவியின் பேட்டரி தீர்ந்தால் உதவக் காகித வரைபடமும் திசைகாட்டியும். உயிருக்கு ஆபத்தென்றால் அழுத்த ஒரு சிறு கருவி. அது செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்புமாம். எந்த வழி, எப்போது திரும்புவோம் என்று எழுதி என் மகளிடமும் வனக்காவலரிடமும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வேரை அழுகச் செய்யும் நுண்ணுயிர் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பரவும் என்பதால் பூட்ஸ் அடியைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். வீட்டில் செருப்பைக்கூட ஒழுங்காக விடாத பயல்!

இந்த ஆட்டம் புதிதில்லை என்று அவனுக்கு நான் சொன்ன கதை, அதே மாநிலத்தின் மேற்குக் கரையில் உள்ள ஒரு தீவில் நடந்தது. 1616 அக்டோபர் 25-இல் டச்சு மாலுமி டிர்க் ஹார்டோக் அங்கே இறங்கி, தேதியையும் பெயர்களையும் ஒரு ஈயத்தட்டில் பொறித்துக் கம்பத்தில் அறைந்தார். 1697-இல் வந்த விளாமிங், கம்பம் உளுத்துக் கிடந்ததால் தட்டை எடுத்துக்கொண்டார். ஆனால் அதன் வாசகத்தை அப்படியே நகலெடுத்து, தன் வரவையும் சேர்த்துப் பொறித்து, வேறொரு தட்டை வைத்துவிட்டுப் போனார்.

படித்தபோது எனக்கு எங்கள் ஆவண அறைதான் ஞாபகம் வந்தது. அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு மேலதிகாரி சீட்டு வைக்காமல் எடுத்துப் போனார். ஒரு விதவையின் ஓய்வூதியம் ஏழு மாதம் நின்றது. அந்த அம்மாள் வாராவாரம் வந்து என் மேசை முன்னால் நிற்பார்.

1801-இல் பிரெஞ்சுக் கப்பல் நாத்துராலிஸ்த் வந்தது. தட்டு மணலில் புதைந்து கிடந்தது. கப்டன் அம்லேன் புதுக் கம்பம் நட்டு அதை மறுபடி அறையச் சொன்னார். பாரிசுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று துடித்த இளம் அதிகாரி ஃப்ரேசினே, 1818-இல் தானே கப்டனாக வந்து எடுத்துக்கொண்டார். (மனைவி ரோஸை ஆண் வேடத்தில் கப்பலில் ஏற்றி வந்தவரும் இவர்தான், விதிகள் அவருக்குப் பொருட்டில்லை.) திரும்பும் வழியில் கப்பல் ஃபாக்லாந்தில் உடைந்தது. தட்டு தப்பிப் பாரிஸ் சேர்ந்து, அங்கே காணாமல் போய், 1940-இல் ஒரு சின்ன அறையின் அடித்தட்டில் அகப்பட்டது. 1947-இல் ஆஸ்திரேலியாவுக்குத் திருப்பித் தந்தார்கள். அங்கேயே இருந்திருந்தால் மணல் தின்றிருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஒரு நகல் வைத்துவிட்டு எடுத்திருக்கலாமே?

அதே தீவில் 1772 மார்ச் 30-இல், சேன்-அலுவார்ன் என்பவரின் கப்பலாட்கள் இந்த நிலம் பிரெஞ்சு மன்னருக்குரியது என்று எழுதி, பாட்டிலில் அடைத்து, வெள்ளி நாணயங்களோடு புதைத்தார்கள். அவர் அந்த ஆண்டே இறந்துபோனார். உரிமை கேட்டு யாரும் வரவில்லை. 1998-இல் நாணயமும் உடையாத பாட்டிலும் கிடைத்தன. காகிதம் கிடைக்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, "நான் என்ன வைக்கட்டும் தாத்தா?" என்றான். அப்பா எனக்கு விட்டுப்போன பழைய துட்டு இரண்டு இருந்தது. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. ஒன்றைப் போன டிசம்பரில் அவன் வந்தபோது கொடுத்திருந்தேன். அதை வைக்கச் சொன்னேன். வைக்கும் முன் நோட்டின் பக்கத்தை அதன்மேல் பரப்பிப் பென்சிலால் தேய்த்து, இரு பக்கமும் பதித்துத் தேதி போடச் சொன்னேன். யாராவது எடுத்துப்போனாலும் பதிவு அங்கே இருக்கும். பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஓடிவிடும். பென்சில் இரண்டாக எடுத்துக்கொள் என்றேன்.

சுமையைக் குறைக்க ஒரு லிட்டர் தண்ணீரை விட்டுவிடலாமா என்று நண்பர்கள் யோசிக்கிறார்களாம். கூடவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.