பாதை என்றால் படகு: மட்டக்களப்பு வாவியில் ஓர் ஐப்பசிப் பயணம்

"பாதை அங்கால போயிட்டுதா?" என்று மட்டக்களப்பில் யாராவது கேட்டால் வெளியூர்க்காரர் குழம்பிப் போவார். இங்கு பாதை போகும், வரும், பழுதடைந்து கரையில் கிடக்கும். வாவியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான படகுக்குத்தான் மட்டக்களப்பார் பாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செய்திகளில் அதைப் படகுப்பாதை என்றும் இயந்திரப் பாதை என்றும் எழுதுவோம். துறையில் நிற்பவருக்கு அது வெறும் பாதைதான்.

கடந்த ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை குருமண்வெளித் துறையில் நின்றேன். இரவு பெய்த மழையில் கரை சேறாகிக் கிடந்தது. மோட்டார் சைக்கிள்களில் வந்த ஆசிரியர்கள், மரக்கறிப் பையோடு ஒரு அம்மா, மருந்துக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிப் பிடித்திருந்த ஒரு முதியவர். எல்லோரும் மண்டூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதை அக்கரையில் நின்றது.

என் அம்மாவின் ஊர் மண்டூருக்கு அருகில். அப்பாவின் ஊர் இக்கரையில். ஆகவே எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தத் துறையைத் தெரியும். ஆனால் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று வந்தது இதுதான் முதல் தடவை.

இரண்டு கரைகள்

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, கடலுக்குச் சமாந்தரமாக நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. அரச ஆவணங்களில் வாவி, களப்பு என்று எழுதினாலும் ஊர்ச்சனம் இதை ஆறு என்றுதான் சொல்லும்.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே உள்ளது படுவான்கரை. சூரியன் படும் பக்கம். மட்டக்களப்பு–கல்முனை பிரதான வீதி, பெரிய வைத்தியசாலைகள், வங்கிகள், பெரிய சந்தைகள் பெரும்பாலும் எழுவான்கரையில். வயல், குளம், மாடு, காடு எல்லாம் படுவான்கரையில். நெல்லும் பாலும் தயிரும் கிழக்கே வர வேண்டும். ஆசிரியரும் மருந்தும் மேற்கே போக வேண்டும். இந்தப் போக்குவரத்து முழுவதும் நீரைக் கடந்தே நடக்கிறது.

ஊர்ப் பெயர்களிலும் அது தெரியும். அம்பிளாந்துறை என்ற பெயரிலேயே துறை இருக்கிறது. சம்மாந்துறை என்பது சம்பான் துறை என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். சம்பான் என்றால் படகு.

துறையிலிருந்து பாலத்துக்கு

இந்த வாவியின் வரலாற்றைத் துறைகள் பாலங்களாக மாறிய கதையாகவும் சொல்லலாம். கல்லடியில் ஆங்கிலேயர் காலத்தில், 1924இல், லேடி மனிங் பாலம் அமைந்தது. அதற்குப் பக்கத்தில் புதிய கல்லடிப் பாலம் 2013இல் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனம் தலைமுறை தலைமுறையாகப் பாதையில் கடந்த மண்முனைத் துறையில், ஜப்பானின் உதவியுடன் 210 மீற்றர் நீளமான பாலம் கட்டி 2014 ஏப்ரலில் திறந்தார்கள். முன்பு துறையில் காத்திருந்து போன இடத்துக்கு இப்போது நேரே பஸ் போகிறது.

ஆனால் மாவட்டத்தின் தென்பகுதியில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் மக்கள் பாதையை நம்பியே வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இந்த இடங்களிலும் பாலம் வேண்டும் என்பது பல தசாப்தக் கோரிக்கை. தேர்தல் காலங்களில் இந்தத் துறைகளில் நின்று வாக்குறுதி கொடுக்காதவர்கள் குறைவு.

மண்டூருக்கு வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. பட்டிருப்புப் பாலத்தால் கடந்து, பெரியபோரதீவு, வெல்லாவெளி என்று சுற்றிப் போகலாம். அது நேரமும் எண்ணெய்ச் செலவும் கூடிய வழி. கண்ணுக்கு முன்னால் தெரியும் கரைக்கு எதற்குச் சுற்ற வேண்டும் என்பதுதான் துறையில் நிற்பவர்களின் கேள்வி.

பாதை எப்படி ஓடுகிறது

பாதையின் அமைப்பு எளிது. மிதக்கும் அடிப்பாகங்கள் இரண்டின் மேல் அகலமான தளம் ஒன்று. இரு பக்கமும் கம்பித் தடுப்பு. முன்னும் பின்னும் வாகனம் ஏறி இறங்க இறக்கிவிடும் பலகை. பழைய காலத்தில் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை விரித்து, நீண்ட கம்பு ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். இப்போது இயந்திரம் தள்ளுகிறது.

இப்படி அகலமாக, தட்டையாக இருப்பதால்தான் ஆழம் குறைந்த வாவியில் இது ஓட முடிகிறது. இதன் பலவீனமும் அதுவே. தளத்தின் பாரம் சமமாக இருக்கும் வரை பாதை அசையாது. எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தாலோ, அளவுக்கு மிஞ்சி வாகனம் ஏறினாலோ, அந்தப் பக்கம் தாழும். தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் ஏறினால் நிலைமை மிக விரைவாக மோசமாகும்.

ஐப்பசியில் என்ன மாறுகிறது

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் காலத்தில் வாவி வற்றி, கரையோரம் சேறு வெளியே தெரியும். கடலோடு சேரும் வாயை மணல் மூடிவிடும். ஐப்பசியில் இது மாறத் தொடங்கும். காலையில் வாவி கண்ணாடிபோல் கிடக்கும். பின்னேரம் மேற்கே கறுத்து, இடி மின்னலோடு மழை வரும். கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்துவிட்டால் மழை நாள்கணக்கில் நிற்காது.

வயல்காரருக்கு இது மாரி வேளாண்மைக் காலம். விதைத்த வயல் மூழ்கத் தொடங்கினால் "ஆற்றுவாய் வெட்டுங்கள்" என்ற குரல் எழும். மூடிய முகத்துவாரத்து மணலை வெட்டி, வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதுதான் ஆற்றுவாய் வெட்டுதல். எப்போது வெட்டுவது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இருப்பதில்லை. வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள். மீன்பிடிப்பவர்களுக்கோ, நேரம் தவறி வெட்டினால் மீனும் இறாலும் நீரோடு போய்விடும் என்ற கவலை. வெட்டிய பிறகு வாவியின் நீரோட்டம் மாறும். பாதை ஓட்டுபவரும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பயணிகளுக்கு உள்ள சிக்கல் வேறு. வெள்ளம் வந்தால் வெல்லாவெளி–மண்டூர் வீதியும் மூழ்கும். வருடா வருடம் நாங்கள் எழுதும் செய்தி இது. வீதி மூழ்கும்போது எஞ்சுவது பாதை மட்டும். ஆனால் நீர் ஏறி, காற்றும் கடுமையாக வீசினால் பாதையையும் நிறுத்த வேண்டிவரும். அதாவது, பாதை மிகவும் தேவைப்படும் நாட்களும் அதில் ஏறுவது மிகவும் ஆபத்தான நாட்களும் ஒன்றே. கோடையில் வந்து பார்க்கும் எந்த அதிகாரிக்கும் இது தெரியப் போவதில்லை.

எல்லையாக இருந்த நீர்

போர்க்காலத்தில் இந்த வாவி ஒரு எல்லைக்கோடு. 2007 வரை நீண்ட காலம் எழுவான்கரை படையினரின் கையிலும் படுவான்கரையின் பெரும்பகுதி இயக்கத்தின் கையிலும் இருந்தன. துறைகள் சோதனைச் சாவடிகளாயின. பற்றரி, சீமெந்து, உரம், எரிபொருள் என்று எதைக் கொண்டுபோனாலும் கேள்வி. 1987 ஜனவரி 28ஆம் திகதியும் 1991 ஜூன் 12ஆம் திகதியும் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் படுகொலைகள் நடந்தன. 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்து வாவியைக் கடந்து வந்தார்கள்.

இதை வாசிக்கும் வடபகுதி வாசகர்களுக்குக் கிளாலி நினைவுக்கு வரும். 1990இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்துச் சனம் இரவில், ஒரு இயந்திரப் படகின் பின்னால் கயிற்றால் கட்டிய படகுகளில் அந்த நீரேரியைக் கடந்தது. 1993 ஜனவரி 2ஆம் திகதி அங்கு கடற்படையின் தாக்குதலில் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, அந்த ஐப்பசி மழையில் தென்மராட்சிக்கு வந்தவர்களில் பலர் பின்னர் கிளாலியால்தான் வன்னிக்குப் போனார்கள். கடக்க வேண்டிய நீர் எவ்வளவு அகலம் என்பதை நம் சனம் கிலோமீற்றரில் அளந்ததில்லை.

எங்கள் வீட்டுக் கதையும் அப்படியொன்றுதான். 1998இல், கார்த்திகை மாதம், அம்மாவின் அப்பாவை வயலில் பாம்பு கடித்தது. துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது இருட்டிவிட்டது. இரவில் துறை மூடியிருந்தது. இருட்டில் தோணி இறக்கினால் சுடுவார்கள் என்ற பயத்தில் யாரும் இறக்கவில்லை. எதிர்க்கரை விளக்குகள் தெரிந்தன. விடியும்வரை அம்மம்மா அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு துறையில் இருந்தா. முதல் பாதை வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அம்மா இன்றும் அந்தத் துறையில் இறங்கினால் எதுவும் பேசமாட்டா. நேரே நடந்து போய்விடுவா.

குறிஞ்சாக்கேணி சொன்ன பாடம்

போர் முடிந்த பிறகு நீர் ஆளைக் கொல்லாது என்று நினைத்திருந்தோம். திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலைக்காகப் பழைய வழி இல்லாமல் போய், தற்காலிகமாக ஒரு பாதை ஓடியது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். அதே கிண்ணியாவில், 2009இல் திறந்த நாட்டின் மிக நீளமான பாலம் இருக்கிறது. பெரிய பாலம் இருக்கும் ஊரிலும், பாலம் இல்லாத ஒரு சிறிய துறையில் பிள்ளைகள் இறந்தார்கள்.

ஏறுவதற்கு முன்

மாரியில் பாதையில் போகிறவர்களுக்கு, துறையில் நின்று பார்த்தும் கேட்டும் அறிந்தவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

பாடசாலை தொடங்கும், முடியும் நேரங்களில் நெரிசல் அதிகம். அவசரமில்லை என்றால் ஒரு பாதையை விட்டு அடுத்ததில் ஏறுங்கள். மோட்டார் சைக்கிளில் இருந்தபடி பயணம் செய்யாதீர்கள். இறங்கி, இயந்திரத்தை நிறுத்தி, ஸ்டாண்டில் போடுங்கள். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருங்கள். மழைக்கோட்டின் பொத்தான்களைத் திறந்து விடுங்கள். தண்ணீரில் விழுந்தால் உடலைச் சுற்றி இறுகிய மழைக்கோட்டோடு நீந்துவது கடினம். புத்தகப் பையைப் பிள்ளையின் இரு தோளிலும் மாட்டி விடாதீர்கள். ஒரு தோளில் போடச் சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கி இருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். இடி முழங்கினால் கரையிலேயே நில்லுங்கள். திறந்த வாவியில் உயர்ந்து நிற்பது நீங்கள் மட்டும்தான்.

இரவில் பாதையை நம்ப முடியாது. படுவான்கரையில் கர்ப்பிணிகளும் நோயாளிகளும் உள்ள வீடுகள் 1990 அம்புலன்ஸ் எந்த வீதியால் வர முடியும் என்பதை மழை தொடங்குவதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது. வெள்ள அறிவித்தல் வந்தால், பிரசவ நாள் நெருங்கியவர்களை முன்கூட்டியே எழுவான்கரையில் உறவினர் வீட்டில் தங்க வைப்பது ஊரில் பழைய வழக்கம். அதைக் கைவிட வேண்டாம்.

அக்கரையில்

அன்று காலை பாதை வந்து சேர்ந்ததும் பலகை இறங்கியது. முதியவருக்கு ஏறக் கை கொடுத்தேன். "ரவுணுக்குப் போற நீங்க எல்லாம் பாலத்தால போறீங்க. நாங்க இன்னும் வானத்தப் பார்த்துத்தான் போற, மகள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வாவியின் நடுவில் காற்று இல்லை. கரையோரக் கண்டல் மரங்களில் கொக்குகள் இருந்தன. தூரத்தில் ஒருவர் தோணியில் நின்று வலை எடுத்தார். சுற்றுலாவுக்கு வருபவர் இதைப் படமெடுத்து, அமைதியான இடம் என்று எழுதக்கூடும். அதுவும் பொய்யில்லை. எனக்கும் அந்தச் சில நிமிடங்கள் பிடித்திருந்தன.

பாலம் வந்தால் இந்தப் பயணம் இல்லாமல் போகும். அதற்காக நான் கவலைப்படப் போவதில்லை. என் தாத்தாவைக் கடக்க விடாமல் வைத்தது போர். அது முடிந்து இத்தனை ஆண்டுகள். இன்று இரவு படுவான்கரையில் ஒருவருக்குப் பாம்பு கடித்து, வீதியிலும் வெள்ளம் நின்றால், அந்த வீட்டாருக்கு என்ன காரணம் சொல்வது?

மண்டூரில் இறங்கியபோது தூறத் தொடங்கியிருந்தது. ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிள்களை இயக்கிப் பறந்தார்கள். மணி அடிக்க இன்னும் சில நிமிடங்கள்தான் இருந்தன. பாதை அடுத்த சுமையை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனது.