விளக்கும் கடனும்

ஏழைக் குடும்பத்தின் கடன்களுள் கண்ணுக்குத் தெரியாமல் வளர்வது விளக்குக் கடன். அரிசிக் கடையில் வாங்கிய கடனைக் கடைக்காரர் குறித்து வைக்கிறார். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தொகை தெரியும். மின்சாரக் கடனோ நாம் உறங்கும்போதும் சுவரில் சுழலும் மீட்டரில் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு மாதம் கழித்துச் சீட்டு வந்த பின்புதான் அதன் அளவு தெரிகிறது. இக்கடன் எவ்வாறு தோன்றியது, அதற்கு என்னென்ன வரம்புகள் ஏற்பட்டன என்பதைத் திருவனந்தபுரத்தின் வரலாற்றைத் துணைகொண்டு ஆராய்வோம். பிழைப்பை நாடித் தமிழர் பலர் குடியேறிய நகரம் அது. அதன் வரலாறு பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கும் பயன்படும்.

மின்சாரம் வருவதற்கு முன் அந்நகரத்து எளிய வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும் இருந்தன. எண்ணெயைப் புட்டியில் அளந்து வாங்கினார்கள். விறகைக் கட்டாக வாங்கினார்கள். கையில் காசு குறைந்த நாளில் எண்ணெயும் குறைந்தது, திரி தாழ்ந்தது. வறுமை இருளாகத் தோன்றியதேயன்றிப் பெருங்கடனாக மாறவில்லை. வாங்கும் பொருளின் அளவே செலவுக்கு வேலியாக நின்றது.

சேது லட்சுமிபாய் மகாராணியார் ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த காலத்தில், 1929-ஆம் ஆண்டில், திருவனந்தபுரத்தில் மின்விநியோகம் தொடங்கிற்று. சாலைக் கடைவீதிக்கு அருகிலுள்ள பவர்ஹவுஸ் ரோடு என்னும் பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. பின்னர், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், மூணாற்றுக்கு அருகே முதிரப்புழை ஆற்றின் நீரைக்கொண்டு இயங்கும் பள்ளிவாசல் மின்நிலையம் 1940-இல் உற்பத்தியைத் தொடங்கியது. மலைநீரின் விசை சமவெளி வீடுகளின் ஒளியாயிற்று.

ஒளியோடு ஒரு புதிய வாணிப முறையும் வீட்டினுள் நுழைந்தது. முதலில் உபயோகம், பிறகு கட்டணம் என்பதே அம்முறை. புட்டி எண்ணெயில் இருந்த வேலி இதில் இல்லை. ஆகவே மின்சாரம் வழங்குவோர் தமது பாதுகாப்புக்கென இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டனர். ஒன்று, முன்னதாக வாங்கும் டெபாசிட். மற்றொன்று, இணைப்பைத் துண்டிக்கும் உரிமை. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தொழிலாளர் வீடுகளுக்குக் காசு போட்டால் மட்டும் வாயு வழங்கும் மீட்டர்கள் வந்தன. அங்கே கடன் சேரவில்லை. ஆனால் காசு தீர்ந்ததும் அடுப்பு அணைந்தது. கடனா இருளா என்னும் இக்கேள்வி உலகெங்கும் ஏழையின் வாசலில் நிற்கும் கேள்வியாகும்.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1910-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிக்குமுன் ஏழு முழு நாள்கள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. வாரக்கூலி வாங்குபவனுக்கு ஒரு கூலி நாள் வந்துபோகும் அளவே அந்த அவகாசம். எனினும் துண்டிக்கும் கைக்குச் சட்டம் இட்ட தடை என்ற வகையில் அது குறிப்பிடத் தக்கது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. அதுவரை திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்த நாகர்கோவிலும் அதனைச் சூழ்ந்த தமிழ்ப் பகுதிகளும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. அடுத்த ஆண்டிலேயே, 1957-இல், கேரளத்துக்கு ஒரு மின்வாரியமும் சென்னை மாநிலத்துக்கு ஒரு மின்வாரியமும் அமைந்தன. ஒரே நாட்டின் குடிகளாய் இருந்தவர்கள் இரண்டு கட்டண முறைகளின் கீழ் வந்தார்கள்.

இவ்வேறுபாடு இடம்பெயர்ந்து வாழ்வோரை நேராகத் தாக்குகிறது. தமிழ்நாட்டில் 2016 மே மாதத்தில் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆணை பிறந்தது. கேரளத்தில் அவ்வாறு எல்லோர்க்கும் பொதுவான சலுகை ஏற்படவில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, மின்பளுவும் உபயோகமும் குறைந்த வீடுகளுக்கே மலிவு விலை அமைந்தது. ஊரில் பழகிய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அயலூரில் விசிறியைச் சுழலவிடுபவர் சீட்டைக் கண்டு திடுக்கிடுவது இயல்பே.

வாடகைக் குடியிருப்பில் இவ்விடர் மேலும் பெரிதாகிறது. கேரளக் கட்டண முறையில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறுகிறது. முதற் படியின் யூனிட்டுகளுக்கு முதற் படியின் விலையே உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்து முழு உபயோகத்துக்கும் ஒரே உயர்ந்த விலை விதிக்கப்படுகிறது. நான்கு குடும்பங்கள் ஒரே மீட்டரின் கீழ் வாழ்ந்தால், ஒவ்வொன்றும் சிக்கனமாய் இருந்தும், கூட்டுத்தொகை எல்லையைக் கடந்துவிடும். மேலும் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால், வறியோர்க்குரிய சலுகையும் குடியிருப்போரை எட்டுவது அரிதாகிறது. இது சோம்பலால் வந்த கடனன்று. மீட்டரின் அமைப்பால் வந்த கடன். தனி மீட்டர் கிடைக்குமா என்று குடிபுகுமுன் கேட்பது வாடகையைப் பேசுவதைப் போலவே அவசியமானது.

2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் குடும்பத்தின் பக்கம் சில வரம்புகளை உறுதியாக நாட்டியது. ஏழு நாள் அவகாசம் பதினைந்து முழு நாள்களாக உயர்ந்தது. தொகையில் தகராறு இருப்பின், கேட்கப்பட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதங்களின் சராசரியைக்கொண்டு கணக்கிட்ட கட்டணத்தையோ, இரண்டில் குறைந்ததை, ஆட்சேபத்தோடு செலுத்திவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டித்தல் ஆகாது. இரண்டாண்டுகளுக்கு மேற்பட்ட பழைய தொகையை, சீட்டுகளில் தொடர்ந்து நிலுவையாகக் காட்டி வந்தாலன்றி, இச்சட்டத்தின் வழியே வசூலிக்க இயலாது. குறைகளைக் கேட்பதற்கு நுகர்வோர் மன்றமும், அதற்கு மேல் ஆம்பட்ஸ்மன் என்னும் முறையீட்டு அதிகாரியும் ஏற்பட்டனர்.

ஆயினும் இவ்வரம்புகளைக் கடன் தள்ளுபடி என்று மயங்கலாகாது. 2020-இல் உச்சநீதிமன்றம், சீட்டு அளிக்கப்பட்ட பிறகே கட்டணம் செலுத்தவேண்டிய கடனாகிறது என்றும், காலவரம்பு துண்டிப்பைத் தடுக்குமேயன்றி வேறு சட்டவழியில் வசூலிப்பதைத் தடுக்காது என்றும் விளக்கியது. கேரள மின்வாரியத்தைப் பற்றிய வழக்கொன்றில் 2023 மே மாதத்தில் மற்றொரு தீர்ப்பு வந்தது. முந்தைய உரிமையாளரின் நிலுவையைத் தீர்த்தால்தான் புதிய இணைப்பு என்று விதி இருக்குமாயின், அவ்விதி செல்லும் என்பது அதன் கருத்து. ஆகவே வீடோ கடையோ வாங்குவோர் கடைசி மின்சீட்டையும் பார்த்துவிட்டே முன்பணம் கொடுத்தல் நலம்.

2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு இவ்வரலாற்றில் ஒரு பாடமாக அமைந்தது. கூலி நின்றது, எல்லோரும் வீட்டிலிருந்ததால் விசிறி நிற்கவில்லை. மீட்டர் பார்க்க ஆள் வரவும் தாமதமாயிற்று. பின்னர் வந்த சீட்டுகளைக் கண்டு கேரளமெங்கும் முறையீடு எழுந்தது. அரசு சில சலுகைகளை வழங்கியதோடு, தொகையை ஐந்து தவணைகளில் செலுத்தவும் இடமளித்தது. மக்கள் வாயைத் திறந்து கேட்டதன் பயன் இது.

நூறாண்டு வரலாறு நமக்குக் கூறுவது யாதெனின், விளக்குக் கடனை அடக்கும் வழி அதனைச் சிறியதாய் இருக்கும்போதே காண்பதுதான். எண்ணெய்ப் புட்டி இருந்த இடத்தில் இன்று நாமே ஒரு வேலியை அமைத்துக்கொள்ளவேண்டும். வாரம் ஒருமுறை மீட்டரின் எண்ணைக் குறித்து வைப்பதே அவ்வேலி. 60 வாட் குண்டு விளக்கு நாள்தோறும் ஐந்து மணி எரிந்தால் மாதம் 9 யூனிட் செலவாகிறது. 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்டும் ஆவதில்லை. சீட்டு வந்து தொகை மிஞ்சினால், நாள்வட்டிக்குப் பணம் தேடி ஓடுமுன் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்துக்குச் சென்று தவணை கேட்டு எழுத்து மூலம் மனுச் செய்யவேண்டும். மொழி தெரியாது என்று தயங்கித் துண்டிப்பு நாள்வரை பேசாமல் இருப்பதே அயலூரில் நம்மவர்க்குப் பெருநட்டத்தைத் தருவது. பக்கத்து வீட்டாரின் துணையோடு நான்கு வரி எழுதித் தருவது நமக்கு இழிவன்று. பதினைந்து நாள் என்பது சட்டம் நமக்குத் தந்த காலம். அதன் முதல் நாளையே பயன்படுத்திக்கொள்வோமாக.