அவசரநிலை என்ற ஒரு சொல்

தரையிறங்க முற்பட்ட விமானமொன்று அம்முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழும் வேளையில், விமானியின் முதற்கடமை பேசுவதன்று. இயந்திர விசையைக் கூட்டி, சில்லுகளை உள்ளிழுத்து, விமானத்தை உயர்த்திய பின்னரே 'கோயிங் அரவுண்ட்' என்ற இரு சொற்களைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அறிவிக்கிறார். கோபுரம் அவருக்கு உயரத்தையும் திசையையும் வழங்குகிறது. பெரும்பாலும் விடயம் இத்துடன் முடிந்துவிடும்.

1990 ஜனவரி 25 ஆம் திகதி இரவு அவ்வாறு முடியவில்லை. கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் சென்ற ஏவியங்கா நிறுவனத்தின் போயிங் 707 விமானம், சீரற்ற காலநிலையாலும் நெரிசலாலும் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக வானில் காக்க வைக்கப்பட்டிருந்தது. எரிபொருள் குறைவதால் முன்னுரிமை வேண்டுமென விமானிகள் கேட்டபோதிலும், அது அடுத்தடுத்த கட்டுப்பாட்டாளர்களுக்கு முழுமையாகச் சென்றடையவில்லை. கென்னடி விமான நிலையத்தில் முதல் தரையிறக்கம் கைகூடாத நிலையில், அவசரநிலை என அறிவிக்குமாறு தலைமை விமானி ஸ்பானிய மொழியில் பணித்தார். துணை விமானியோ, மீண்டும் முயல்வதாகவும் எரிபொருள் தீர்ந்து வருவதாகவும் மட்டுமே கூறினார். விமானத்தைப் பதினைந்து மைல் தூரம் சுற்றிவரச் செய்யவுள்ளதாகவும், எரிபொருள் போதுமா என்றும் கட்டுப்பாட்டாளர் வினவியபோது, போதும் என நினைப்பதாகக் கூறி நன்றியும் தெரிவித்தார். அதிகாரத்தின் முன் குரல் தாழ்த்தியே பழகிய எமது சமூகங்களுக்கு அந்தப் பதில் அந்நியமானதன்று. சில நிமிடங்களில் இயந்திரங்கள் நின்றுபோக, விமானம் லோங் ஐலண்ட் தீவில் வீழ்ந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் பலியாகினர்.

எரிபொருள் முகாமைத்துவத்தில் தவறியதையும் அவசரநிலையை அறிவிக்காமையையும் விசாரணையாளர்கள் விமானிகள் மீது சுமத்தினர். எனினும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதிலிருந்த குறைபாட்டையும், எரிபொருள் நிலையைத் தெரிவிக்கப் பொதுவான சொற்கள் இல்லாதிருந்தமையையும் அவர்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. எம்மைப் பொறுத்தவரை இறுதியாகக் கூறப்பட்டதே பாரதூரமானது.

அக்குறையை நீக்கும் சர்வதேச விதிகள் 2012 நவம்பரிலேயே நடைமுறைக்கு வந்தன. இனியும் தாமதிக்க இயலாது என எச்சரிக்க 'மினிமம் பியூவல்' என்ற தொடர் உண்டு. ஆயினும் அது அவசரநிலையாகாது. இறுதிக் கையிருப்பிலேயே கைவைக்க நேருமாயின் 'மேடே பியூவல்' என்றே அறிவித்தல் வேண்டும். விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் தேர்ச்சி அளவுகோலொன்று 2008 இல் அமுலுக்கு வந்திருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மேற்படாது பேச வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். நெரிசல் மிக்க விமான நிலையங்களில் இது எந்நேரமும் பேணப்படுவதில்லை.