வலியறியாத பாதம்

மனிதன் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை நிலத்தில் அடியெடுத்து வைக்கின்றான். ஒவ்வொரு முறையும் அவனுடைய உடலின் பாரம் 26 எலும்புகளாலான சிறியதொரு பாதத்தின்மேல் இறங்குகின்றது. செருப்புக் கடித்தாலும், கல்லொன்று உறுத்தினாலும், அவன் தன்னையறியாமலே காலைச் சரித்து ஊன்றுவான், சற்று நொண்டுவான், இயலாதவிடத்து உட்கார்ந்துவிடுவான். அந்த நொண்டலே பாதத்துக்குக் காவல். அதனை ஏவுவது வலி. அவ்வலியை இழந்த பாதத்தை எவ்வாறு காப்பது என்ற வினா, பாதத்துக்கேற்ற காலணியமைக்கும் கலைக்குப் புதியதொரு வழியைத் திறந்தது. அவ்வழி திறந்த இடங்களுள் முதன்மையானது தமிழகத்து வேலூர்.

தொழுநோய்க் கிருமியை 1873ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் கண்டறிந்தார். 1940களில் அக்கிருமியை அடக்கும் மருந்துகளும் கிடைத்தன. ஆயினும், நோயாளரின் உள்ளங்கால்களில் தோன்றும் புண்கள் ஆறவில்லை. விரல்கள் குறுகின, பாதங்கள் சிதைந்தன, பலர் காலையே இழந்தனர். நோயே தசையை அழுகச் செய்கின்றது, அந்தத் தசைக்கு ஆறும் ஆற்றல் இல்லை என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம்.

இவ்வெண்ணத்தை ஐயுற்றவர்களுள் ஒருவர் போல் பிராண்ட். கொல்லிமலையில் சமயத்தொண்டு புரிந்த ஆங்கிலத் தம்பதியருக்கு 1914ஆம் ஆண்டிலே பிறந்த அவர், இலண்டனில் சத்திரசிகிச்சை பயின்று, 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை வந்தடைந்தார். மடங்கிய கைவிரல்களை நிமிர்த்தும் சத்திரசிகிச்சையால் அவர் புகழ்பெற்றார். ஆனால் கால்களின் கதை வேறாக இருந்தது. புண்கள் கண்ட கண்ட இடங்களில் தோன்றவில்லை. நடக்கும்பொழுது எலும்பு மிகுதியாக அழுத்தும் இடங்களிலேயே அவை தோன்றின. காலுக்கு ஓய்வளித்தால், அப்புண்களும் ஏனையோரின் புண்களைப் போலவே ஆறின. ஆகவே குற்றம் தசையில் இல்லை. நரம்பு கெட்டமையால் வலி மறைந்தது. வலி மறைந்தமையால் நொண்டல் மறைந்தது. நொண்டாத கால் புண்பட்ட இடத்தையே மீண்டும் மீண்டும் நிலத்தில் மோதியது. உண்மை இதுவே.

புண்ணை ஆற்றும் வழிக்கு இலங்கையிலும் ஒரு முன்னோடி உண்டு. 1930களில் இலங்கையில் மில்றோய் போல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும், இந்தியாவில் ஜோசப் கான் என்பாரும், இத்தகைய புண்களைப் பாரிஸ் சாந்துக் கட்டினால் மூடி ஆற்றினர். காலின் வடிவத்தோடு ஒட்டி அமையும் அக்கட்டு, ஒரு புள்ளியில் விழும் பாரத்தை உள்ளங்கால் முழுவதிலும் பரப்பிவிடும். பிராண்ட் இம்முறையை மேற்கொண்டு வளர்த்தார்.

ஆனால், கட்டை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பிய நோயாளர் சில மாதங்களிலே அதே புண்ணோடு திரும்பி வந்தால் என்ன பயன்? கட்டுச் செய்த வேலையை நாள்தோறும் செய்யவல்ல செருப்பொன்று தேவைப்பட்டது. பலவகைப் பொருள்களைச் சோதித்தபின், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மைக்ரோசெல்லுலர் இறப்பர் தெரிந்தெடுக்கப்பட்டது. மிக மெதுவான இறப்பர் முழுவதும் நசுங்கி எலும்பை அடித்தட்டில் முட்டவிடும். மிகக் கடினமானது தானே புண்ணாக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதொரு மென்மையே வேண்டியிருந்தது. அதன் கீழே முள்ளும் ஆணியும் ஊடுருவாத கடினமான அடித்தட்டு அமைந்தது. உணர்வற்ற காலில் ஏறிய ஆணியை எவரும் அறியமாட்டாராதலால், செருப்பை ஆணியடித்துச் செய்வதும் தவிர்க்கப்பட்டது. உருமாறிய பாதங்களுக்கு, அவற்றின் அச்சுக்கேற்ப வார்த்த உள்ளடி தேவைப்பட்டது. சிலருக்கு, பாதம் வளையாமலே உருண்டு முன்செல்லும் வண்ணம் அடிப்பக்கம் தொட்டில்போல் வளைக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டில் வேலூருக்கு அண்மையில் கரிகிரியில் எழுந்த தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இப்பணி தொடர்ந்தது.

செருப்பு மட்டும் போதவில்லை. மாலைதோறும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துச் சிவப்பும் சூடும் தேடும் பழக்கம் கற்பிக்கப்பட்டது. வலி செய்த காவலைக் கண்ணும் கையும் செய்யவேண்டியதாயிற்று. மேலும், ஊரார் கண்டவுடன் நோயாளியென அடையாளங் காணும் செருப்பை அணிய எவரே விரும்புவர்? காலைக் காக்கும் செருப்பு மானத்தையும் காக்கவேண்டியிருந்தது.

ஒருமுறை இலண்டனில், நெடும் இரயிற் பயணத்தின்பின், பிராண்ட் தமது குதிகால் மரத்திருப்பதைக் கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் தொற்றியதென்றெண்ணி இரவெல்லாம் உறங்காதிருந்தார். காலையில் மீண்டும் குத்தியபொழுது வலி சுரீரென எழுந்தது. இருக்கையில் நரம்பு அழுந்தியதனால் வந்த மரப்பே அது. அன்று அவ்வலிக்காகக் கடவுளுக்கு நன்றி கூறியதாக அவர் பின்னர் எழுதினார்.

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், நீரிழிவால் உணர்விழந்த பாதங்களிலும் அதே புண்களைக் கண்டார். வேலூரில் கற்ற பாடம் அங்கும் பொருந்தியது. 2003ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். நீரிழிவு நோயாளரின் பாதப்புண்ணுக்குப் பாதத்தோடொட்டிய கட்டும், ஆறிய பாதத்துக்கு அச்சில் வார்த்த உள்ளடியும் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. குதிவலியால் வருந்துவோர் சப்பாத்தினுள் வைக்கும் உள்ளடியும், பாரத்தை நொந்த இடத்திலிருந்து விலக்கிப் பரப்பும் அதே நெறியைச் சார்ந்ததே. வலியுள்ளோர்க்கு ஆறுதல் தரும் அந்நெறியைத் தெளிவாக்கியவர்கள், வலியையே இழந்த ஏழை நோயாளர்.