ரிசைன் பண்ணியாச்சு... அடுத்து எங்கே? இங்கிலாந்து கோச் சவுத்கேட் எடுத்த முடிவின் கதை!

வேலையை விடப்போறேன்னு வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி 'ஏன்?' என்பதுகூட இல்லை. 'அடுத்து எங்கே?' என்பதுதான். ஆஃபர் லெட்டர் வந்தாச்சா, ஹைக் எவ்வளவு, எப்போ ஜாயின் பண்ணணும்... வரிசையாகக் கேட்பார்கள். பதில் இல்லையென்றால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு அமைதியாகத்தான் நடக்கும்.

இதே கேள்வியை ஒரு நாடே சேர்ந்து ஒருவரிடம் கேட்டது. அவர் பெயர் கேரத் சவுத்கேட். இங்கிலாந்து ஆண்கள் கால்பந்து அணியின் மேனேஜர். 2024 ஜூலை 14-ம் தேதி பெர்லினில் நடந்த யூரோ கோப்பை ஃபைனலில் ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்றார். இரண்டே நாளில், ஜூலை 16-ம் தேதி, ராஜினாமாவை அறிவித்தார். கையில் அடுத்த வேலை இல்லை. அன்றிலிருந்து 'அடுத்து எந்த டீம்?' என்ற கேள்வி அவரைத் துரத்த ஆரம்பித்தது.

உலகம் முழுக்க ஒவ்வொரு பெரிய தொடர் முடியும்போதும் நேஷனல் டீம் கோச்சுகள் கிளம்புவார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள், போன இடத்தில் என்ன ஆகிறது, சவுத்கேட் ஏன் அவசரப்படவில்லை? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெனால்ட்டியைத் தவறவிட்ட மனிதர்

சவுத்கேட் பிறந்தது 1970-ல். கிரிஸ்டல் பேலஸ், ஆஸ்டன் வில்லா, மிடில்ஸ்பரோ கிளப்புகளுக்கு ஆடிய டிஃபெண்டர். இங்கிலாந்துக்காக 57 மேட்ச். ஆனால், பல வருடங்களுக்கு அவரை ஊர் ஞாபகம் வைத்திருந்தது ஒரே ஒரு உதைக்காக. 1996 யூரோ அரையிறுதி, லண்டன் வெம்ப்ளி மைதானம், எதிரில் ஜெர்மனி. பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் சவுத்கேட் அடித்த பந்தை ஜெர்மனி கோல்கீப்பர் பிடித்துத் தடுத்துவிட்டார். இங்கிலாந்து வெளியே.

கொஞ்ச நாளில் ஒரு பீட்சா கம்பெனி விளம்பரத்தில் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு நடித்தார். தன்னைத் தானே கலாய்த்துக்கொண்டார். சமூக வலைதளம் இல்லாத காலம். இருந்திருந்தால் எத்தனை மீம் வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோச்சாக அவருக்குக் கிடைத்த முதல் வேலையே இன்னொரு கோச் இடம் மாறியதால் வந்ததுதான். 2006-ல் மிடில்ஸ்பரோ மேனேஜர் ஸ்டீவ் மெக்லாரன் இங்கிலாந்து அணிக்குப் போனார். காலியான நாற்காலியில், அதுவரை அந்த டீமின் கேப்டனாக இருந்த சவுத்கேட்டை உட்கார வைத்தார்கள். மூன்றாவது சீசனில், 2009-ல், டீம் பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்கியது. அதே அக்டோபரில் அவரை நீக்கினார்கள். அதுவும் எப்போது? ஒரு மேட்சை 2-0 என ஜெயித்து, இரண்டாம் டிவிஷன் டேபிளில் முதலிடத்துக்கு ஒரே ஒரு பாயின்ட் பின்னால் இருந்தபோது!

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சவுத்கேட் எந்த கிளப்புக்கும் மேனேஜராக இருந்ததில்லை.

தற்செயலாக வந்த பெரிய நாற்காலி

2013-ல் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு கோச் ஆனார். 2016 யூரோவில் சீனியர் டீம் ஐஸ்லாந்திடம் தோற்று அவமானப்பட, சாம் அலர்டைஸ் என்ற அனுபவசாலியைக் கொண்டுவந்தார்கள். ஒரு பத்திரிகையின் ரகசிய கேமராவில் சிக்கி, 67 நாளில், ஒரே ஒரு மேட்சோடு அவரும் கிளம்பினார். 'தற்காலிகமாக நான்கு மேட்ச் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சவுத்கேட்டிடம் கொடுத்தார்கள். அந்த நான்கு, 102 ஆனது.

8 வருடம், 102 மேட்ச், 61 வெற்றி, 24 டிரா, 17 தோல்வி. 2018 உலகக் கோப்பையில் அரையிறுதி. அதே தொடரில், உலகக் கோப்பை வரலாற்றிலேயே இங்கிலாந்து முதல்முறையாக ஒரு பெனால்ட்டி ஷூட்-அவுட்டை ஜெயித்தது. யார் கோச்சாக இருக்கும்போது? 1996-ல் பெனால்ட்டியைத் தவறவிட்டவர் கோச்சாக இருக்கும்போது. வேற லெவல் ஸ்க்ரிப்ட்!

அப்புறம் 2021-ல் யூரோ ஃபைனல். 1966 உலகக் கோப்பைக்குப் பிறகு இங்கிலாந்து ஆண்கள் அணி தொட்ட முதல் பெரிய ஃபைனல் அது. இத்தாலியிடம் பெனால்ட்டியில் தோற்றார்கள். ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாகா என்று மூன்று கறுப்பின இளைஞர்கள் பெனால்ட்டியைத் தவறவிட, ஆன்லைனில் இனவெறி வசைகள் கொட்டின. உதைப்பது யார் என்று முடிவு செய்தவன் நான்தான், பொறுப்பு என்னுடையது என்று முன்னால் வந்து நின்றார் சவுத்கேட். அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஜெயித்தும் ஏன் கிளம்பினார்?

2024 யூரோவில் இங்கிலாந்து ஃபைனல் வரை போனது. ஆனால், போன விதம் ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய ஸ்டார்கள் இருந்தும் பாதுகாப்பாகவே ஆடுகிறார்கள் என்று புலம்பினார்கள். ஸ்லோவேனியாவுடன் 0-0 டிரா ஆன பிறகு, கைதட்டி நன்றி சொல்லப்போன சவுத்கேட் மேல் கேலரியிலிருந்து பிளாஸ்டிக் கப்புகள் பறந்தன. குரூப்பில் டாப் இடம் பிடித்த அன்றைக்கு நடந்த வரவேற்பு இது.

இந்தத் தொடரை ஜெயிக்காவிட்டால் அநேகமாக நான் இருக்க மாட்டேன் என்று தொடருக்கு முன்பே ஜெர்மன் பத்திரிகை ஒன்றிடம் சொல்லியிருந்தார். கான்ட்ராக்ட் அந்த வருட டிசம்பர் வரைதான். அடுத்தது 2026 உலகக் கோப்பை. அதற்குப் புது ஆளும் புது யோசனையும் வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். துரத்தும் வரை காத்திருக்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

நேஷனல் டீம் கோச் வேலையும் கிளப் கோச் வேலையும் ஒன்றா?

இங்கேதான் நம்மில் பலர் குழம்புவோம். காரணம், நமக்குப் பழக்கம் கிரிக்கெட். அங்கே இந்திய அணி கோச்சுக்கு வருடம் முழுக்க வேலை. ஐ.பி.எல் கோச்சுக்கு மேட்சுகள் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். கால்பந்தில் இது அப்படியே தலைகீழ்.

* மேட்ச்: பிரீமியர் லீகில் ஒரு டீமுக்கு 38 மேட்ச். உள்நாட்டுக் கோப்பைகள், ஐரோப்பியத் தொடர் எல்லாம் சேர்த்தால் பெரிய கிளப்புக்கு வருடத்துக்கு 50-க்கு மேல். சவுத்கேட் 8 வருடத்தில் பார்த்த 102 மேட்சை, ஒரு பெரிய கிளப் கோச் ஏறத்தாழ இரண்டே சீசனில் பார்த்துவிடுவார்.

* நேரம்: கிளப் கோச் தினமும் மைதானத்தில் பிளேயர்களோடு இருப்பார். நேஷனல் டீம் கோச்சுக்கு வருடத்தில் சில தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நாள்போலத்தான் கிடைக்கும். மீதி நாளெல்லாம் பிளேயர்கள் ஆடுவதைப் பார்ப்பது, ஃபோனில் பேசுவது, திட்டம் போடுவது.

* ஆள் எடுப்பது: கிளப்பில் லெஃப்ட் பேக் சரியில்லையென்றால் காசு கொடுத்து வாங்கலாம். நாட்டுக்கு லெஃப்ட் பேக் இல்லையென்றால் இல்லைதான்!

* கூட்டம்: நேஷனல் டீமுக்கு வருபவர்கள் வார இறுதியில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுபவர்கள். அவர்களைப் பத்து நாளில் ஒரே டீமாக்க வேண்டும். இதில்தான் சவுத்கேட் கெட்டிக்காரர். கிளப் வாரியாகப் பிரிந்து கிடந்த இங்கிலாந்து டிரெஸ்ஸிங் ரூமை, பிளேயர்கள் ஆசையாக வரும் இடமாக மாற்றியது அவரது பெரிய சாதனை என்பார்கள்.

ஆக, 'நாட்டுக்கே கோச்சாக இருந்தவர், ஒரு கிளப்பைப் பார்த்துக்கொள்ள மாட்டாரா?' என்ற கேள்வி நியாயமானதாகத் தெரிந்தாலும், அது வேறு வேலை. டெஸ்ட்டிங்கில் 8 வருடம் இருந்த ஒருவரை நேராக சேல்ஸ் ஹெட் ஆக்குவது மாதிரி.

இதற்கு முன் கிளம்பியவர்கள் என்ன ஆனார்கள்?

ஹுலென் லோபெடேகி: அடுத்த வேலையை முன்கூட்டியே பேசி வைத்தவரின் கதை. 2018 உலகக் கோப்பை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, ஸ்பெயின் கோச்சான இவர் தொடர் முடிந்ததும் ரியல் மாட்ரிட் போகிறார் என்று அந்த கிளப் அறிவித்தது. ஸ்பெயின் சம்மேளனத் தலைவருக்கு விஷயம் தெரிந்ததே அறிவிப்புக்குச் சில நிமிடங்கள் முன்புதான். மறுநாளே வேலை போனது. உலகக் கோப்பையும் போச்சு. சரி, ரியல் மாட்ரிட்டாவது? பார்சிலோனாவிடம் 5-1 என்று தோற்ற மறுநாள், அக்டோபர் 29-ம் தேதி, அதுவும் போனது. ஐந்து மாதத்துக்குள் இரண்டு கனவு வேலை காலி! ஆனால், மனுஷன் மீண்டார். 2020-ல் செவியா கிளப்புக்கு யூரோப்பா லீக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார்.

லூயிஸ் ஃபெலிப் ஸ்கொலாரி: 2002-ல் பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கித்தந்தவர். போர்ச்சுக்கல் கோச்சாக இருந்தபோது, 2008 யூரோ நடுவிலேயே செல்சி கிளப்புக்குப் போவது அறிவிக்கப்பட்டது. செல்சியில் ஒரு சீசன்கூட முடிக்கவில்லை. 2009 பிப்ரவரியில் நீக்கப்பட்டார்.

அன்டோனியோ கோன்ட்டே: 2016 யூரோ முடிந்ததும் இத்தாலியிலிருந்து செல்சி போனார். முதல் சீசனிலேயே பிரீமியர் லீக் சாம்பியன்.

ஹன்சி ஃப்ளிக்: 2023 செப்டம்பரில் ஜெர்மனி அணி நீக்கியது. பல மாதங்கள் வீட்டில் இருந்துவிட்டு, 2024-ல் பார்சிலோனாவுக்குப் போனார். முதல் சீசனிலேயே ஸ்பெயின் லீக் சாம்பியன்.

கோன்ட்டேவுக்கும் ஃப்ளிக்குக்கும் ஓர் ஒற்றுமை. நாட்டு அணிக்கு வருவதற்குச் சற்று முன்புதான் ஒருவர் யுவென்டஸிலும், இன்னொருவர் பேயர்ன் மியூனிக்கிலும் கோப்பைகளைக் குவித்திருந்தார்கள். அவர்கள் திரும்பிப்போனது தெரிந்த வேலைக்கு. சவுத்கேட்டின் கடைசி கிளப் அனுபவமோ 2009-ல்.

மான்செஸ்டர் யுனைடெட் கதவு

சவுத்கேட் பெயரோடு அதிகம் அடிபட்ட கிளப் மான்செஸ்டர் யுனைடெட். வெறும் வதந்தி என்று தள்ளவும் முடியாது. அந்த கிளப்பின் ஸ்போர்ட்டிங் டைரக்டராக 2024 ஜூலையில் சேர்ந்த டேன் ஆஷ்வொர்த், சவுத்கேட் இங்கிலாந்து மேனேஜரானபோது கால்பந்துச் சங்கத்தில் டெக்னிக்கல் டைரக்டராக இருந்தவர். இன்னொரு பக்கம், அப்போதைய மேனேஜர் எரிக் டென் ஹாக் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறதே!

ஆனால், அக்டோபர் மாதம் ஏதென்ஸில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் சவுத்கேட் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த ஒரு வருடத்துக்கு கோச்சிங் இல்லை. பெரிய வேலையிலிருந்து வெளியே வந்தவுடன் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது, உடம்புக்கும் மனசுக்கும் நேரம் கொடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அதே மாதம் 28-ம் தேதி டென் ஹாக் நீக்கப்பட்டார். நாற்காலி ரூபன் அமோரிமுக்குப் போனது. ஆஷ்வொர்த்தே டிசம்பரில் அந்த கிளப்பை விட்டு வெளியேறிவிட்டார். நண்பரை நம்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்து நாற்காலியும் காலியாக இருக்கவில்லை. லீ கார்ஸ்லி தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ள, 2025 ஜனவரியில் ஜெர்மன்காரர் தாமஸ் டூஹல் பொறுப்பேற்றார். யார் போனாலும் வேலை நடக்கும். இதுவும் ராஜினாமா செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை.

பிரேக் எடுத்து என்ன செய்தார்?

2025 புத்தாண்டு கௌரவப் பட்டியலில் 'சர்' பட்டம் வந்தது. மார்ச்சில் பி.பி.சி-யின் புகழ்பெற்ற ரிச்சர்ட் டிம்பிள்பி உரையை நிகழ்த்தினார். பேசியது டாக்டிக்ஸ் இல்லை, உங்கள் வயதுப் பையன்களைப் பற்றி. வழிகாட்ட ஆள் இல்லாமல் கேமிங், சூதாட்டம், ஆபாசம் என்று ஆன்லைனுக்குள் ஒதுங்குகிறார்கள், பணமும் ஆதிக்கமும்தான் வெற்றி என்று சொல்லும் இன்ஃப்ளூயன்ஸர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றார். 1996 பெனால்ட்டியைப் பற்றியும் பேசினார். அந்தப் பேச்சு, மேட்ச் பார்க்காதவர்கள் மத்தியிலும் பெரிய விவாதமானது. அந்த வருடக் கடைசியில் தலைமைப்பண்பு பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

சரி, நமக்கு இதில் என்ன?

முதலில் ஓர் உண்மை. கோடிகளில் சம்பளம் வாங்கிய ஒருவர் பிரேக் எடுப்பதும், இ.எம்.ஐ கட்டும் நாம் பிரேக் எடுப்பதும் ஒன்றில்லை. அதனால் 'நீங்களும் நாளைக்கே பேப்பர் போடுங்க' என்று சொல்ல வரவில்லை. ஆனால், சவுத்கேட் கதையிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. அடுத்து வரும் வேலை நிஜமாகவே என் வேலையின் அடுத்த படியா, இல்லை பெயரில் மட்டும் அப்படித் தெரியும் வேறு வேலையா?

2. அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறதா, இல்லை என்னைக் கூப்பிடும் ஆளைப் பிடித்திருக்கிறதா? அந்த ஆள் ஆறு மாதத்தில் கிளம்பிவிட்டால்?

3. இப்போது நான் முடிவெடுப்பது யோசித்தா, இல்லை தோற்ற களைப்பிலா?

'அடுத்து எங்கே?' என்று கேட்டால், 'இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்' என்பதும் ஒரு பதில்தான். அதைச் சொல்வதற்கு முன்னால், எத்தனை மாதத்துக்கு யோசிக்க அக்கவுன்ட்டில் காசு இருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்!