மறதியின் வருங்காலத்தைக் கணித்தல்: சால்ட் லேக்கிலிருந்து எழும் ஒரு கேள்வி

1962-ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு பணிகள் தொடங்கின. கொல்கத்தாவின் கிழக்கே இருந்த உவர்நீர்ச் சதுப்பை மணலால் நிரப்பிப் புதுநகர் அமைக்கும் வேலை ஒன்று. அதை முன்னெடுத்த முதலமைச்சர் பிதான் சந்திர ராய் ஒரு மருத்துவர். சால்ட் லேக் இன்று அவர் பெயரால் பிதான்நகர் எனப்படுகிறது. அதே ஆண்டில், மாண்ட்ரியலைச் சேர்ந்த உளமருத்துவர் வி. ஏ. கிரால், முதுமையில் வரும் மறதியைத் தீங்கற்றது, தீங்கானது என இரண்டாகப் பிரித்துக் கட்டுரை வெளியிட்டார். எந்த மறதி அப்படியே நிற்கும், எது முற்றும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

சால்ட் லேக்கில் வீடு கட்டிக் குடியேறிய தலைமுறை இப்போது முதுமையடைந்துவிட்டது. பிள்ளைகள் பலர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்கின்றனர். தனித்து வாழும் முதியோருக்கெனப் பிதான்நகர்க் காவல்துறை 'சாஞ்ச்பாதி' என்ற திட்டத்தையே நடத்துகிறது. இத்தகைய வீடுகளில் கிராலின் கேள்வி ஆய்வேட்டுக்குள் அடங்குவதில்லை. ஐந்தாண்டு கழித்து இவர் தனியே வாழ இயலுமா, சொத்து பற்றிய முடிவை எப்போது எடுப்பது என்பவை அதன் விடையைப் பொறுத்தவை.

அந்த விடைக்கு எண் வடிவம் தந்தது 1999-ஆம் ஆண்டின் மேயோ கிளினிக் ஆய்வு. நினைவாற்றல் குன்றியும் அன்றாட வாழ்வு குலையாத 76 பேரை ரொனால்ட் பீட்டர்சன் குழுவினர் தொடர்ந்து கவனித்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் டிமென்ஷியா நிலையை அடைந்தனர். லேசான அறிதிறன் குறைபாடு என்னும் இடைநிலை அதன்பின் மருத்துவ உலகில் வேரூன்றியது. 'ஆண்டுக்குப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு' என்பது பாடநூல் வாய்பாடாயிற்று.

ஆனால் ஓர் எண் எவரிடமிருந்து பெறப்பட்டதோ அவர்களின் இயல்பையும் அது சுமந்தே வரும். மிட்செல், ஷிரி-ஃபெஷ்கி இருவரும் 41 தொடராய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்கியது. மேயோ வரையறைப்படி, சிறப்பு மருத்துவமனைகளுக்கு வந்தோரிடம் டிமென்ஷியாவாக மாறும் விகிதம் ஆண்டுக்கு 9.6 விழுக்காடு, பொதுச் சமூகத்தில் 4.9 விழுக்காடு. பெரும்பாலோருக்குப் பத்தாண்டு கடந்தும் டிமென்ஷியா வருவதில்லை. சிலர் இயல்பு நிலைக்கே திரும்புகின்றனர்.

இந்தியாவில் இதற்கும் முந்தைய சிக்கல் ஒன்று இருந்தது. குறைபாடு என்று சொல்ல, இயல்பு எது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வு, பெரும்பாலும் எழுத்தறிவற்ற கிராம முதியோரிடையே மேலைத் தேர்வுகள் செல்லாது என உணர்ந்து, 1995-இல் இந்தி மனநிலைத் தேர்வை உருவாக்கியது. பள்ளி செல்லாதவரை வாக்கியம் எழுதச் சொல்லி மதிப்பிட்டால் தேர்வு அளப்பது கல்வியை, மூளையை அன்று.

கொல்கத்தாவில் இப்பணியை மேற்கொண்டவர்கள் சியாமள் குமார் தாஸ் குழுவினர். 50 வயதைக் கடந்த, டிமென்ஷியா இல்லாத 960 பேரைத் தேர்ந்து, சரிபார்க்கப்பட்ட தேர்வுத் தொகுதியால் ஆராய்ந்து 2007-இல் 'நியூராலஜி' இதழில் வெளியிட்டனர். கண்டறியப்பட்ட குறைபாட்டின் அளவு 14.89 விழுக்காடு. நினைவு மட்டும் குன்றியோர் 6.04 விழுக்காடு, பல திறன்களும் குன்றியோர் 8.85 விழுக்காடு. இவ்விரு வகைகளோடும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் தொடர்புற்றிருந்தன.

இக்கடைசிச் செய்தியே கணிப்பைப் பொறுத்தவரை முதன்மையானது. 2004-இல் தொடங்கிய அமெரிக்க அல்சைமர் நரம்புப்படத் திட்டத்தின் தரவுகளே இன்றைய கணிப்பு மாதிரிகள் பலவற்றுக்கு அடிப்படை. அதில் பங்கேற்றோர் சராசரியாகப் பதினாறு ஆண்டுகள் கல்வி பெற்றவர்கள். இரத்தக்குழாய்ச் சிதைவின் அடையாளங்கள் மிகுந்தோர் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டனர். கொல்கத்தா எவரைச் சுட்டியதோ, ஏறத்தாழ அவர்களையே விலக்கி உருவான கருவி அது. அதன் துல்லியம் இங்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. மேலும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சிகிச்சைக்கு உட்படுபவை. அவற்றைக் கணக்கில் கொள்ளாத கணிப்பு, மாற்றக்கூடிய ஒன்றைத் தலைவிதியாக அறிவித்துவிடும்.

தாஸ் குழுவினரின் ஆய்வு ஒரு காலத்தில் எடுத்த அளவீடு. எவர் முற்றுவார் என்பதை அறிய அதே மனிதரைப் பல்லாண்டு பின்தொடர வேண்டும். அவரவர் மொழியில் இயல்பளவுகளும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நரம்பு அறிதிறன் கருவித்தொகுதி முதற்கட்டத்தில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் உருவாயிற்று. அம்முதற் பட்டியலில் தமிழ் இல்லை. கல்வி நிலைவாரியான தமிழ் இயல்பளவுகளும், சமூகத்திலிருந்து தேர்ந்தோரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வும் தமிழகத்தின் உளவியல், மொழியியல், நரம்பியல் துறைகள் கூடிச் செய்ய வேண்டியவை. அதுவரை, மருத்துவ அறையில் ஒரு முதியவரிடம் விழுக்காடு சொல்பவர், அது எவரிடம் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.